கட்டிப்போட்ட நாயின் ஆகாரக் கணக்கு

நமது சங்க அலுவலகத்தில் நூல் சிப்பம் நிறுக்கும் மேடைத் தராசு ஒன்று இருப்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். சென்ற மாசி மாதம் முதற்கொண்டு அத்தராசில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு நாயும் நிறுக்கப்பட்டு வந்தது. சனிக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் எண்ணினோம். ஆனால் நாயின் சொந்தக்காரர் திருநள்ளாற்றுப் பக்கத்தவர். சனிக்கிழமை அவ்வழியே பக்தர் கூட்டத்தினூடே நொண்டும் நாயை அழைத்து வருவது ஆகிற காரியமன்று. ஆகவே வெள்ளிக்கிழமை என்று முடிவாயிற்று. எடைகளை நூல் இருப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் குறித்து வந்தோம். தணிக்கையாளர் கண்டால் என்ன சொல்வாரோ என்ற அச்சம் நமக்கு இன்னும் நீங்கவில்லை.

அந்நாய் இராசபாளையம் கலப்பு, பெயர் வீரன், அப்பொழுது அதற்கு எட்டு மாத வயது. சம்பா அறுவடை முடிந்து வயலில் உளுந்தும் பயறும் பருத்தியும் நிற்கும் காலத்தில் ஆடுமாடுகளை விரட்ட நாயைவிட நல்ல காவல் இல்லை என்பது விவசாய அங்கத்தினர் அனைவருக்கும் தெரிந்ததே. வீரனும் தை மாதம் முழுவதும் வரப்பு வரப்பாக ஓடிக்கொண்டிருந்தது. மாதக் கடைசியில் ஒரு நாள் காலையில் வலது முன்னங்காலைத் தரையில் ஊன்ற மறுத்தது. வீட்டார் முதலில் கருவேல முள்ளைத் தேடினார்கள், முள் இல்லை. பின்னர் நல்லெண்ணெய் தடவினார்கள். அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். கட்டிய இடம் வீங்கிற்றே தவிர, நொண்டல் நிற்கவில்லை. அதன் பிறகே கால்நடை வைத்தியரிடம் சென்றார்கள்.

வைத்தியர் காலைத் தடவிப் பார்த்து, படமும் எடுத்து, எலும்பு முறியவில்லை என்றார். வளரும் பருவத்துப் பெரிய சாதி நாய்களுக்கு நீண்ட எலும்புகளின் உட்புறத்தில் ஒருவகை வலி தோன்றுவதுண்டு என்றும், ஐந்து மாதம் முதல் ஒன்றரை வயது வரையில் அது காணப்படும் என்றும், ஒரு காலில் வந்து மறைந்து வேறொரு காலில் மீண்டும் வரும் என்றும், வளர்ச்சி முடிந்தால் தானே போய்விடும் என்றும் விளக்கினார். வலிக்கு மருந்து எழுதிக் கொடுத்தார். ஆறு வாரம் ஓட்டமும் தாவலும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

நிற்க. இளநாய் நொண்டுவதெல்லாம் இந்த வலியென்று எண்ணிவிடலாகாது. முழங்கை மூட்டும் இடுப்பு மூட்டும் சரியாகப் பொருந்தாமல் வளர்வதுண்டு; தோள் மூட்டின் குருத்தெலும்பு பிளப்பதுண்டு. இவற்றுள் சிலவற்றுக்கு அறுவைச் சிகிச்சையே வேண்டியிருக்கும். நாள் கடத்தினால் கெடுதி. உண்ணி கடித்து வரும் காய்ச்சலிலும் மூட்டு வலித்து நாய் நொண்டும். ஆகவே கால் அறவே ஊன்றாமல் இருந்தாலோ, வீக்கமும் காய்ச்சலும் இருந்தாலோ, ஆகாரம் இறங்காவிட்டாலோ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. மற்றபடி இரண்டு நாளுக்கு மேல் நொண்டல் நீடித்தால் வைத்தியரிடம் காட்டிவிடுவதே நன்று. உள்ளூரில் தீராதவற்றுக்கு, புதுவை குரும்பாபேட்டில் 1994இல் தொடங்கிய ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியும், தஞ்சை மாவட்டத்து ஒரத்தநாட்டில் 2012இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன.

வீட்டில் மனிதருக்கென வைத்திருக்கும் வலி மாத்திரையை நாய்க்குக் கொடுப்பது பெருந்தவறு. ஐபுரூபன், டைக்ளோபினாக் போன்றவை நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இதே டைக்ளோபினாக் மாட்டுக்குக் கொடுக்கப்பட்டு, அம்மாட்டின் பிணத்தைத் தின்ற கழுகுகள் மடிந்த காரணத்தால்தான் 2006இல் நம் நாட்டில் கால்நடை உபயோகத்துக்கு அதைத் தடை செய்தார்கள்.

இனி வீரன் கதைக்கு வருவோம். ஓடக்கூடாது என்றதும் வீட்டார் அதைத் தாழ்வாரத்துத் தூணில் கட்டினார்கள். ஓடித் திரிந்த பிள்ளையைக் கட்டிப்போட்டுவிட்டோமே என்ற இரக்கம் வீடு முழுவதையும் பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் கழித்து நொண்டல் குறைவதற்கு மாறாக அதிகரித்தது. மறுபடியும் வைத்தியரிடம் போனார்கள். கால் நோகத் தொடங்கியபோது 24 கிலோ இருந்த நாய் அப்பொழுது 27 கிலோ இருந்தது. விலாவில் கை வைத்தால் எலும்பு தட்டுப்படவில்லை. ‘இந்தக் கால் இந்த உடம்பை எப்படித் தாங்கும்?’ என்று வைத்தியர் கேட்டாராம். அந்தக் கேள்வியோடுதான் அங்கத்தினர் நம்மிடம் வந்து தராசைக் கேட்டார்.

வீட்டில் இரண்டு வேளைதான் சோறு போடுகிறோம் என்று அவர் சத்தியம் செய்தார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் கூட்டுறவுச் சங்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, வாய்க்கணக்கை ஏற்பதில்லை. ஒரு வாரம் நாயின் வாய்க்குள் போவதையெல்லாம் யார் கொடுத்தாலும் எழுதிவைக்கச் சொன்னோம். எழுதி வந்த தாளைப் பார்த்து அவரே திகைத்துவிட்டார். காலையில் பாட்டியம்மாள் ஊற்றும் பால் 300 மில்லி. பள்ளிக்குப் போகும்போது இரண்டு பிள்ளைகளும் போடும் பிஸ்கோத்து எட்டு. பக்கத்து வீட்டு மீன் தலை. பிற்பகலில் தேநீர்க் கடையிலிருந்து வரும் பன். இரவில் மிஞ்சிய தேங்காய்ப்பால் சோறு. ஒவ்வொருவரும் தாம் ஒருவரே கொடுப்பதாக நினைத்திருந்தார்கள்.

உணவின் சக்தியைக் கலோரி என்ற அளவால் கணக்கிடுவார்கள். 24 கிலோ எடையுள்ள நாய் சும்மா படுத்திருந்தாலே நாளொன்றுக்கு ஏறத்தாழ 760 கலோரி செலவாகும். வளரும் பருவத்தில் ஓடியாடும் நாய்க்கு அதைப்போல் இரண்டு மடங்கு வரையில் தேவைப்படும். கட்டிப்போட்ட நாய்க்கு அவ்வளவு செலவு ஏது? 300 மில்லி பசும்பாலில் சுமார் 200 கலோரி. சிறிய பிஸ்கோத்து எட்டில் 160 முதல் 200 வரை. பாட்டியும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து, படுத்திருக்கும் நாயின் தேவையில் பாதியை உபரியாகக் கொடுத்துவந்தார்கள் என்று கணக்கு சொல்லிற்று. தின்பண்டம் எதுவானாலும் நாள் ஆகாரத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது வைத்தியர்கள் வகுத்துள்ள பொது அளவு.

இந்த விஷயத்தில் உலகில் நடந்த ஆராய்ச்சி ஒன்றை அங்கத்தினர்கள் அறிந்திருப்பது நல்லது. அமெரிக்காவில் லாப்ரடார் சாதி நாய்கள் 48ஐ ஒரே ஈற்றுக் குட்டிகளாக இரண்டிரண்டு சோடி சேர்த்து, சோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட நூற்றுக்கு 25 பங்கு குறைவாக ஒரே வகை ஆகாரத்தை ஆயுள் முழுவதும் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2002இல் வெளியாயிற்று. நிறையத் தின்ற நாய்களின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டு, குறைவாகத் தின்றவற்றுக்கு 13 ஆண்டு. இடுப்பு மூட்டுத் தேய்வும் பின்னவற்றுக்குக் குறைவாகவும் காலந்தாழ்த்தியுமே வந்தது. அதற்கும் முன்பே, 1974இல், கார்னெல் பல்கலைக்கழகத்தார் கிரேட் டேன் குட்டிகளுக்கு வேண்டுமட்டும் ஊட்டி வளர்த்தபோது எலும்பும் மூட்டும் கோணியதைக் கண்டிருக்கிறார்கள்.

ஆனால் இதைப் படித்துவிட்டு நாளையே யாரும் குட்டியின் சோற்றைப் பாதியாக்கிவிட வேண்டாம். நம் பக்கத்தில் நாம் காணும் இன்னொரு கேடு இதற்கு நேர்மாறானது. தயிர்ச்சோறு மட்டுமோ, எலும்பில்லாத இறைச்சி மட்டுமோ தின்று வளரும் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்து போதாமல் எலும்பே மெலிந்துபோகும், அதுவும் நொண்டும். சோற்றால் உடல் பருத்தும் எலும்பு பட்டினி கிடப்பதைக் கண்ணால் கண்டறிவது கடினம். இதைக் கேள்விப்பட்டதும் கடைக்கு ஓடிச் சுண்ணாம்பு மாத்திரை வாங்கிக் கொட்டுவோரும் உளர். அதுவும் பிழை. இளங்குட்டியின் குடல் மிஞ்சிய சுண்ணாம்பைத் தடுத்து நிறுத்தும் திறனுடையதன்று. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்தில் கிரேட் டேன் குட்டிகளுக்கு அளவுக்கு மீறிக் கொடுத்துப் பார்த்ததில் எலும்பு வளர்ச்சி கெட்டது தெரியவந்தது. எவ்வளவு வேண்டும் என்பதை வயதும் எடையும் பார்த்து வைத்தியரே சொல்ல வேண்டும்.

வீரனுக்கு வைத்தியர் சொன்ன யோசனை நமக்கு மிகவும் பிடித்திருந்தது. வளரும் நாயாதலால் எடையை அவசரமாக இறக்க வேண்டாம். ஏறாமல் நிறுத்தினால் போதும், உயரமும் எலும்பும் வளர்ந்து அந்த எடையை எட்டிப் பிடிக்கும் என்றார். அதன்படி பாலும் பன்னும் நின்றன. சோறு குறைந்து, அவித்த முட்டையும் முள் நீக்கிய மீனும் அளவாக வந்தன. வயிறு நிரம்புவதற்குப் பூசணியும் கொத்தவரையும் கேரட்டும் வேகவைத்துச் சேர்த்தார்கள். வெங்காயம் நாய்க்கு ஆகாது. அது இரத்தத்தைக் கெடுக்கும். சமைத்த கோழி எலும்பும் ஆகாது. சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். பிள்ளைகளின் பிஸ்கோத்துக்குப் பதில் கேரட் துண்டு இரண்டு என்று ஒப்பந்தமாயிற்று. பாட்டியம்மாளை இணங்க வைப்பதுதான் கடினமாக இருந்தது. பாலை நிறுத்தினால் பாவம் என்று அவர் வாதாடினார். கடைசியில் ஒரு கரண்டி மோரில் சமரசம் ஏற்பட்டது.

அடுத்த தொல்லை தெருவிலிருந்து வந்தது. நாய் சற்று மெலிந்ததும், ‘பட்டினி போடுகிறீர்களா?’ என்று போவோர் வருவோரெல்லாம் கேட்கத் தொடங்கினார்கள். இராசபாளையமும் சிப்பிப்பாறையும் கன்னியும் இயல்பிலேயே ஒடுங்கிய வயிறும் நீண்ட காலும் உடைய வேட்டை நாய்கள். 2005இல் அஞ்சல் துறை நம் நாட்டு நாய்ச் சாதிகளுக்கு வெளியிட்ட தபால் தலைகளுள் இராசபாளையம் நாயின் படமும் உண்டு, கிடைத்தால் பாருங்கள். சோதிக்கும் வழி எளிது. கையை மூடி முட்டிகளின் மேல் தடவினால் எலும்பு துருத்தும். உள்ளங்கையில் தடவினால் எலும்பே தெரியாது. விரித்த புறங்கையில் தடவினால் மெல்லிய தோலின் கீழ் எலும்பு தட்டுப்படும். விலா இந்த மூன்றாவதைப் போல இருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னே இடை ஒடுங்க வேண்டும்.

ஓய்வு என்பதற்கும் சங்கிலியில் போட்டு மறப்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். நாளைக்கு நான்கு தடவை, குட்டைக் கயிற்றில் பிடித்து, ஐந்தைந்து நிமிடம், மலசலத்துக்கு மட்டும் வெளியே நடத்தினார்கள். படியேறுதல் இல்லை; திண்ணையிலிருந்து குதித்தல் இல்லை. கடற்கரை மணலிலும் ஓடவிடவில்லை. கால் புதையும் மணல் நோயுற்ற மூட்டுக்கு வேலை அதிகம் கொடுக்கும். வழவழப்பான டைல்ஸ் தரையில் கால் வழுக்குவது ஓடுவதைவிடக் கெடுதி. அங்கத்தினரின் மைத்துனர் நெசவாளர். கழிவு நூலில் தாமே நெய்த தடித்த விரிப்புகள் இரண்டைக் கொடுத்தார். நகத்தையும் வெட்டிவிட்டார்கள். நம் ஊர்ப் பங்குனி வெயிலில் நிழலும் தண்ணீரும் எப்போதும் பக்கத்தில் இருந்தன.

உடல் ஓய்ந்தாலும் இளநாயின் மனம் ஓயாது. தூணைக் கடிக்கும், குரைக்கும். ஆகாரத்தைத் தட்டில் வைக்காமல் விரிப்பின் மடிப்புகளிலும் தேங்காய்ச் சிரட்டைகளின் அடியிலும் ஒளித்துவைத்தார்கள். முகர்ந்து தேடித் தின்ன அரை மணி நேரம் பிடித்தது. பகலில் மைத்துனர் வீட்டுக் குழித்தறியின் அருகே படுக்கப் போட்டார்கள். நாடா ஓடுவதையும் மிதி ஏறி இறங்குவதையும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு அது மணிக்கணக்காகக் கிடந்ததை நாமே போய்க் கண்டோம்.

நொண்டலை அளப்பதற்கும் ஒரு வழி உண்டு. முன்னங்கால் நோகும் நாய், நோகும் கால் தரையில் படும்போது தலையை மேலே தூக்கும். நல்ல கால் படும்போது தலை தாழும். காலையில் எழுந்த உடனும், நடந்து வந்த பின்னும் பார்த்து, எந்தக் கால், எவ்வளவு என்று ஒரு வரி எழுதிவைத்தால் வைத்தியருக்குப் பெரிய உதவி. சித்திரையில் பத்து நாள் இடது பின்னங்காலுக்கு வலி மாறியதைக் கண்டு வீட்டார் கலங்கிப்போனார்கள். முதல் நாளே எச்சரித்திருந்த வைத்தியர் குறிப்புகளைப் படித்துவிட்டுச் சிரித்தார். ஓய்வு மட்டும் இன்னும் மூன்று வாரம் நீண்டது.

தராசுப் புத்தகம் சொல்வது இது: முதல் வெள்ளி 27, அதன்பின் 26½, இரண்டு வாரம் அசையாமல் 26½, பிறகு 26, சித்திரைக் கடைசியில் 25½. அங்கத்தினர் நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி நிற்பார், பிறகு தனியே நிற்பார், கழித்துக்கொள்வோம். இடையே ஒரு வாரம் நாயின் எடை குறைந்து, கழிக்கும்போது அங்கத்தினரின் எடை கூடியிருப்பது தெரிந்தது. பன் எங்கே போயிற்று என்று கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை.

வைகாசியில் நடையை வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டத் தொடங்கினார்கள். மறுநாள் காலையில் நொண்டினால் பழைய அளவுக்கே திரும்பிவிட வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு முறை அவ்வாறு திரும்ப நேர்ந்தது. சென்ற வெள்ளிக்கிழமை வீரன் வாய்க்கால் கரையில் இருபது நிமிடம் நடந்துவிட்டு அலுவலகத்துக்கு வந்தது. தலை ஆடவில்லை. வண்டியில் தாவி ஏற இன்னும் அனுமதியில்லை, தூக்கித்தான் வைக்கிறார்கள். உளுந்து அறுவடை இந்த வருடம் காவலின்றியே முடிந்தது. அடுத்த குறுவைக்கு அது வயலுக்குப் போகலாமா என்பதை ஆனி மாதம் வைத்தியர் மறுபடியும் படம் எடுத்துப் பார்த்துச் சொல்வார். அதுவரை தராசு வெள்ளிதோறும் பிற்பகல் அதற்கென்று ஒழிவாக இருக்கும். வேறு அங்கத்தினர்கள் தத்தம் நாய்களை நிறுக்க விரும்பினால், நூல் சிப்பம் இறக்கி முடிந்த பிறகு வரலாம்.