ஒரு நூலுக்கு ஓர் இடம்: சேப்பாக்கத்து ஆராய்ச்சி நூலகம் இயங்கும் முறை

உப்பளங்களும் கழிமுகமும் சூழ்ந்த கேளம்பாக்கத்தில், வண்டலூரிலிருந்து வரும் சாலையும் கோவளத்துக்குப் போகும் சாலையும் பழைய மாமல்லபுரம் சாலையோடு கலக்கும் அவ்வூரைச் சுற்றி, கடந்த நாற்பது ஆண்டுகளுக்குள் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் சட்டத்துக்குமாக எழுந்துள்ள கல்லூரிகளையும் பல்கலைக்கழகங்களையும் காண்போர், இவ்வட்டாரம் ஒரு வித்தியா நகரமாகவே மாறிவிட்டது என்று மகிழ்வது இயல்பு. அவை ஒவ்வொன்றிலும் நூலகம் உண்டு; குளிரூட்டிய அறைகளும் கணினிகளும் உண்டு. ஆயினும், பாடம் படிக்கும் நிலையைக் கடந்து ஆராய்ச்சி என்னும் வாசற்படியில் ஒரு மாணவி காலை வைக்கும்போது, அவளுக்கு வேண்டியது வேறொரு வகை நூலகம். ஒரே நூலை நூறு பேர் கேட்பார்கள் என்று எண்ணி வாங்குவது பாடநூலகம். ஐம்பது ஆண்டுகளில் ஒருவர் கேட்கக்கூடும் என்பதற்காகவே ஒரு நூலைப் பேணி வைப்பது ஆராய்ச்சி நூலகம். பின்னதற்குத் தமிழ்நாட்டில் தலைசிறந்த உதாரணம், கேளம்பாக்கத்தில் பேருந்து ஏறினால் அன்றைக்கே போய்ப் படித்துத் திரும்பக்கூடிய தூரத்தில், சேப்பாக்கத்தில் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழக நூலகம்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் நிறுவப்பட்டது. அதற்கென்று ஒரு நூலகம் தோன்ற அரை நூற்றாண்டு சென்றது. 1907-ல் தொடங்கி, முதலில் எழும்பூர்க் கன்னிமரா நூலகத்தில் இடம் பெற்றிருந்த அந்நூலகம், கடற்கரைச் சாலையில் சொந்தக் கட்டடத்தை அடைந்தது 1936-ல்தான். ஆனால் அக்கட்டடத்தினும் முக்கியமானதாக நான் கருதுவது, 1924 ஜனவரி 4-ஆம் நாள், சீர்காழியில் பிறந்தவரும் மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்தவருமான எஸ். ஆர். ரங்கநாதன் அதன் முதல் நூலகராகப் பதவியேற்றதாகும்.

அவர் அப்பதவியை விரும்பி ஏற்றவர் அல்லர். மாணவர் கூட்டத்தின் நடுவே பழகிய மனம், ஆளரவமற்ற அறையில் ஒரு வாரம்கூடத் தங்க மறுத்தது. கல்லூரிக்கே திரும்ப விரும்புவதாக முதல்வரிடம் சென்று முறையிட்டார். பயிற்சிக்காக இங்கிலாந்து சென்று வந்த பின்பும் இதே எண்ணம் நிலைத்திருந்தால் திரும்பி வரலாம் என்று முதல்வர் ஆறுதல் சொல்லி அனுப்பினார். லண்டனில் நூலகவியல் பயின்று, அந்நாட்டு நூலகங்கள் பலவற்றையும் சுற்றிப் பார்த்து 1925-ல் கப்பலேறித் திரும்பியவர், பின்பு கணித வகுப்பின் பக்கம் போகவே இல்லை. அவருடைய கணித ஆசான், சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் பேராசிரியர் எட்வர்ட் ராஸ். நூல்கள் பயன்படுத்தப்படுவதற்கே என்னும் கருத்தைத் தமக்குத் தூண்டியவர் ராஸே என்று பிற்காலத்தில் அவர் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். அதனை முதலாவதாகக் கொண்டு அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931-ல் நூலாக வெளிவந்தன. அவை அறிவுரைகளாக மட்டும் நின்றுவிடவில்லை என்பதே அவற்றின் பெருமை. வாசகர் தாமே அலமாரிக்குச் சென்று நூலை எடுக்க உரிமை வேண்டும், நூலகம் திறந்திருக்கும் நேரம் நீள வேண்டும், வாசகரின் தேவை அறிந்து உதவ ஓர் அலுவலர் எழுந்து வர வேண்டும் என்பன எல்லாம் அவ்விதிகளிலிருந்து கிளைத்த நடைமுறைகளே.

வாசகரை அலமாரிகளின் நடுவே விடுவது என்று முடிவு செய்த பின்னர், நூல்களை எவ்வரிசையில் நிறுத்துவது என்னும் கேள்வி விஸ்வரூபம் எடுக்கிறது. அளவையும் ஆசிரியர் பெயரையும் கொண்டு அடுக்கினால் பொருளால் உறவுடைய நூல்கள் சிதறிப்போகும். அமெரிக்கரான டூயி வகுத்த தசாம்ச முறையோ, எல்லாப் பொருள்களுக்கும் முன்கூட்டியே எண் கொடுத்து ஒரு நீண்ட பட்டியலாக்கி வைத்திருந்தது. புதிய பொருள் ஒன்று பிறந்தால் அதற்கு இடம் தேடித் தவிக்க வேண்டும். லண்டன் கடை ஒன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார் ரங்கநாதன். சில தகடுகளையும் திருகுகளையும் மாற்றி மாற்றிப் பூட்டி எத்தனையோ உருவங்கள் செய்யும் அந்த உபாயமே, பொருள்களை உறுப்புகளாகப் பிரித்துப் பின்னர் வேண்டியபடி இணைக்கும் முறைக்கு வித்தாயிற்று. இணைப்புக்கு முக்காற்புள்ளியைப் பயன்படுத்தியதால் கோலன் பகுப்புமுறை என்று பெயர் பெற்ற அது 1933-ல் அச்சாகியது.

அது எவ்வாறு இயங்குகிறது என்பதற்கு இவ்வட்டாரத்துக்கே பொருத்தமான உதாரணம் ஒன்று உண்டு. 1950 வாக்கில் இந்தியாவில், நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ்ரே கொண்டு செய்த சிகிச்சையைப் பற்றிய ஆராய்ச்சி என ஒரு நூல் இருப்பதாகக் கொள்வோம். எல் என்னும் ரோமன் எழுத்து மருத்துவம், 45 நுரையீரல், 421 காசநோய், 6 சிகிச்சை, 253 எக்ஸ்ரே, சிறிய எஃப் ஆராய்ச்சி, 44 இந்தியா, என் என்னும் எழுத்தோடு 5 சேர்ந்தால் அக்காலம். காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி, மேற்குறி ஆகியவை, அடுத்து வருவது இன்ன வகை என்று காட்டும் அடையாளங்களாக இவற்றின் நடுவே நிற்கும். முதுகில் ஒட்டிய ஒரு சிறு சீட்டில் அந்நூலின் பொருள் முழுவதும் அடங்கிவிடுகிறது. அதன் இடமும் வலமும் நிற்கும் நூல்கள் தற்செயலாக வந்து நிற்பவை அல்ல.

நம் இலக்கணத்தார் பெயர்ச்சொற்களைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என ஆறாக வகுத்திருப்பதைப் பள்ளியிலேயே படித்தோம். நுரையீரல் சினை, சிகிச்சை தொழில், இந்தியா இடம், 1950 காலம் என்று இவ்வெண்ணை வாசித்துப் பார்க்கும் தமிழ் வாசகருக்கு, ரங்கநாதனின் பகுப்பு எளிதில் மனத்தில் பதியும். அவர் அங்கிருந்துதான் எடுத்தார் என்று சொல்ல நான் துணியவில்லை. இம்மரபில் பழகிய அறிவுக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது என்பது மட்டும் என் அபிப்பிராயம்.

காசநோயை உதாரணமாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. தாம்பரத்தில் 1928-ல் டாக்டர் சௌரிமுத்து தொடங்கிய சானடோரியம், ஒரு ரயில் நிலையத்தின் பெயராகவே இன்று நிலைத்துவிட்டது. நல்ல காற்று, ஓய்வு, உணவு இவையே மருந்து என்று நம்பிய காலம் அது. 1956-ல் சென்னையில் அமைந்த காசநோய் வேதிச்சிகிச்சை மையம், மாத்திரையை ஒழுங்காக உட்கொண்டால் வீட்டிலிருந்து பெறும் சிகிச்சையும் சானடோரியத்தில் தங்கிப் பெறும் சிகிச்சைக்குக் குறைந்ததன்று என்று 1959-ல் உலகுக்குக் காட்டியது. இம்மாற்றத்தை ஆராயப் புகும் கேளம்பாக்கத்து மருத்துவ மாணவிக்கு, 1959-ன் முடிவு கணினித் திரையிலேயே கிடைத்துவிடும். அதற்கு முந்தைய நம்பிக்கையின் சரித்திரத்தை அறிய அவள் நாட வேண்டியவை, அக்காலத்து அறிக்கைகளும் மருத்துவ இதழ்களுமே.

சேப்பாக்கத்து மையக் கட்டடத்தோடு பல்கலைக்கழகத்தின் நூலகம் முடிந்துவிடுவதில்லை. கிண்டி வளாகத்தில் விஞ்ஞானத்துக்கும், தரமணியில் அடிப்படை மருத்துவ விஞ்ஞானங்களுக்கும், மெரினா வளாகத்தில் மொழிகளுக்கும் தனித்தனி நூலகங்கள் உண்டு. தேடுபவர் எந்த வளாகத்துக்குப் போக வேண்டும் என்று முதலில் விசாரித்துக்கொள்வது நலம்.

அச்சுநூல்களுக்கு அப்பாலும் ஒரு செல்வம் சேப்பாக்கத்துக் கட்டடத்தில் நெடுங்காலம் இருந்தது. 1869-ல் தோன்றிய அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் அங்கேதான் பல பத்தாண்டுகள் இயங்கி, பிற்பாடு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு மாறியது. நில அளவையாளர் காலின் மெக்கன்சி தென்னாட்டு ஊர்கள்தோறும் ஆளனுப்பித் திரட்டிய கைபீதுகள் என்னும் ஊர் வரலாற்றுக் குறிப்புகள் அதில் உள்ளன. ஓலைச்சுவடியைக் காப்பது நுட்பமான பணி: எழுத்து மங்கிய ஓலையில் கரியைத் தடவித் துடைத்தால் எழுத்தாணி கீறிய பள்ளத்தில் மட்டும் கருமை தங்கி எழுத்து தெளியும்; புல்தைலம் பூசினால் ஓலை இளகுவதோடு பூச்சியும் அண்டாது.

சேப்பாக்கம் செல்லும் வழியிலேயே, தரமணியில், வேறொரு பல்கலைக்கழகத்தின் கை பட்ட கருவூலம் ஒன்று இருக்கிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா, ஒரு தனிமனிதராகத் திரட்டிய நூல்களும் இதழ்களும் நாடக நோட்டீசுகளும் அழைப்பிதழ்களும் ஏறக்குறைய ஒரு லட்சம். 1992-ல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. வாங்கியும் அதனைக் கடல் கடத்தவில்லை. மூலங்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கட்டும், நுண்படச் சுருள்கள் எடுத்துக்கொண்டால் போதும் என்று ஏற்பாடாகி, 1994-ல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. நம் செல்வங்கள் கடல் கடந்து போன பழைய அநியாயங்கள் பலவற்றைக் கண்ட நமக்கு இச்செய்கை மிகுந்த மரியாதைக்குரியதாகத் தோன்றுகிறது. குப்பை என்று வீசப்பட்டிருக்கக்கூடிய நாடக நோட்டீசு, ஒரு நாடகக் கம்பெனி எவ்வூரில், எத்தேதியில், என்ன கட்டணத்துக்கு ஆடியது என்று சொல்லும்போது, நாடக சரித்திரத்துக்கு அதனினும் நம்பகமான சாட்சி ஏது?

மின்னிதழ்களின் காலத்தில் இத்தகைய நூலகங்கள் தேவைதானா என்று சிலர் கேட்கக்கூடும். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை அங்கீகரித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம், 30 வெளியீட்டாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை, மூன்றாண்டுகளுக்கு ரூ. 6,000 கோடி செலவில், அரசு சார்ந்த கல்வி நிலையங்களுக்குத் திறந்துவிடுகிறது. போற்றத்தக்க முயற்சியே. ஆனால் கேளம்பாக்கத்தைச் சுற்றியுள்ளவற்றுள் பெரும்பாலானவை தனியார் ஸ்தாபனங்கள். அவை தத்தம் பொருளைச் செலவிட்டே சந்தா கட்ட வேண்டும். அன்றியும், 1930-களின் தமிழ்ச் சஞ்சிகை எதுவும் அப்பெரிய வெளியீட்டாளர்களின் பட்டியலில் வரப்போவதில்லை.

ஆகவே, இவ்வட்டாரத்து ஆராய்ச்சி மாணவர், தம் துறைத் தலைவரிடம் ஓர் அறிமுகக் கடிதம் பெற்று அடையாள அட்டையோடு புறப்படட்டும். போகும் வழியிலுள்ள தரமணியில் முதலில் இறங்கிப் பழைய இதழ்களைப் பார்த்துவிடலாம். சேப்பாக்கத்தில், வேண்டும் நூலின் பெயரை மட்டும் எழுதிக் கொடுக்காமல், எப்பொருளைப் பற்றி, எவ்விடத்தில், எக்காலத்தில் என்று தம் ஆராய்ச்சியையே நூலக அலுவலரிடம் விளக்கிச் சொல்வது மேல். நூலின் பெயரைச் சொன்னால் அந்த ஒரு நூல் கிடைக்கும், பொருளைச் சொன்னால் அது நிற்கும் அலமாரி முழுவதையும் அவர் காட்டுவார்.