கரிக்கும் பாலும் கலையும் செல்களும்

மார்பகத்தின் பால்நாளங்களை உட்புறம் போர்த்தியிருக்கும் செல்கள், தங்கள் மேல்விளிம்பில் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருக்கின்றன. இரண்டு துணிகளின் ஓரங்களைச் சேர்த்து நெருக்கமாகத் தைத்தது போன்ற இந்தப் பிணைப்புக்கு இறுக்க இணைப்பு என்று பெயர். 1963இல் அமெரிக்காவில் மர்லின் ஃபார்குவாரும் ஜார்ஜ் பலாடேயும் மின்னணு நுண்ணோக்கியின் வழியே இதன் அமைப்பைத் துல்லியமாகக் காட்டினர். அது எந்தெந்தப் புரதங்களால் ஆனது என்பது தெரியவர மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1986இல் இசட்ஓ-1 என்ற புரதம் கண்டறியப்பட்டது. ஜப்பானில் ஷோய்ச்சிரோ சுகிதா, மிகியோ ஃபுருசே குழுவினர் 1993இல் ஆக்லூடினையும் 1998இல் கிளாடின்களையும் அடையாளம் கண்டனர். இன்று கிளாடின் குடும்பத்தில் இருபதுக்கும் மேற்பட்ட புரதங்கள் அறியப்பட்டுள்ளன.

இந்தப் புரதங்கள் என்ன செய்கின்றன என்பதைச் சேலம், நாமக்கல் பகுதியில் மாடு வளர்ப்போர் நாக்கிலேயே அறிவார்கள். மடிநோய் கண்ட மாட்டின் பால் உப்புக் கரிக்கும். ரத்தத்தில் சோடியமும் குளோரைடும் அதிகம், பாலில் குறைவு. பாலில் லாக்டோஸும் பொட்டாசியமும் அதிகம். இந்த வேறுபாட்டைக் காப்பவை சுரப்புச் செல்களுக்கிடையே உள்ள இறுக்க இணைப்புகள். தொற்றினால் அவை தளரும்போது ரத்தத்திலுள்ள உப்பு பாலுக்குள் கசிகிறது, லாக்டோஸ் ரத்தத்துக்குள் போகிறது. பாலின் மின்கடத்தும் திறனை அளந்து மடிநோயை முன்கூட்டியே பிடிக்கும் கருவிகள் நம்பியிருப்பது இந்தக் கசிவைத்தான்.

பெண்களின் மார்பகத்திலும் ஏற்பாடு இதுவே. கர்ப்ப காலத்தில் இணைப்புகள் தளர்ந்திருக்கின்றன. பிரசவத்துக்குப் பின் புரோஜெஸ்டிரோன் சரிந்ததும் சில நாள்களில் இறுகுகின்றன. தாய்ப்பால் பெருகத் தொடங்கும் அதே நாள்களில் அதன் சோடியம் அளவும் குறைகிறது. மடிநோயோ மார்பகத் தொற்றோ புற்றுநோய் ஆகிவிடாது என்பதையும் இங்கே அழுத்தமாகச் சொல்ல வேண்டும். தொற்று தீர்ந்தால் தளர்ந்த இணைப்புகள் மீண்டும் இறுகிவிடும்.

மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை பால்நாளங்களைப் போர்த்தியிருக்கும் இதே செல் வரிசையில் பிறக்கின்றன. இறுக்க இணைப்பு செல்லுக்கு மேல், கீழ் என்ற திசையையும் தருகிறது. அது குலைந்தால் செல்கள் வரிசை கலைந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிகின்றன. ஸ்நெயில், ஸ்லக் என்னும் புரதங்கள் உட்கருவில் கிளாடின், ஆக்லூடின் மரபணுக்களை அடக்கும்போது செல் அண்டை செல்லின் பிடியிலிருந்து விடுபட்டு நகரும் இயல்பைப் பெறுகிறது. அக்கம்பக்கத் திசுவுக்குள் ஊடுருவவும் ரத்தக் குழாயை எட்டவும் அந்த இயல்பு உதவுகிறது.

ஆனால் "இணைப்புப் புரதம் குறைந்தால் புற்றுநோய் முற்றும்" என்று எழுதிவிட்டு நகர முடியாது. 2007இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கிளாடின்-3, 4, 7 மிகக் குறைந்த ஒரு வகைக் கட்டியைப் பிரித்துக் காட்டினர். இவ்வகைக் கட்டிகளில் பல, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்-2 புரதம் ஆகிய மூன்றும் இல்லாத டிரிபிள் நெகட்டிவ் வகையைச் சேர்ந்தவை. அதே கிளாடின்-3, 4 வேறு பல மார்பகக் கட்டிகளில் இயல்பைவிட மிகுந்து காணப்படுகின்றன. பரவிய செல்கள் புதிய இடத்தில் சில கிளாடின்களைப் பெருக்குவதும் உண்டு. கல்லீரலுக்குப் பரவும் மார்பகப் புற்றுநோயில் கிளாடின்-2க்குப் பங்கு இருப்பதை எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதோடு, செல்லின் விளிம்பில் இருக்கிறதா, உள்ளே சிதறிக் கிடக்கிறதா என்பதும் முக்கியம். விளிம்பை விட்டு விலகிய கிளாடின் எதையும் பிணைப்பதில்லை.

இதனால்தான் மார்பகக் கட்டியின் வழக்கமான பயாப்ஸி அறிக்கையில் கிளாடின் இடம்பெறுவதில்லை. சிகிச்சையை முதன்மையாகத் தீர்மானிப்பவை ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்-2 ஆகிய மூன்றும்தான். இந்தியாவில் 2022இல் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாக ஏற்பட்டதாகவும் சுமார் 98 ஆயிரம் பேர் இறந்ததாகவும் உலகப் புற்றுநோய்க் கணிப்பு கூறுகிறது. இத்தனை பெரிய சுமையில், இம்மூன்றும் இல்லாத டிரிபிள் நெகட்டிவ் நோயாளிகளுக்குப் புதிய இலக்கு ஒன்று கிடைத்தால் அதன் மதிப்பு மிகப் பெரியது.

அந்தத் தேடலில் நாமக்கல் கோழிப்பண்ணையாளர்களுக்குத் தெரிந்த ஒரு கிருமியும் இருக்கிறது. கோழிகளின் குடலை அழுகவைக்கும் கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்ஜென்ஸின் சில வகைகள் மனிதர்களுக்கு உணவு நஞ்சாதலை உண்டாக்குகின்றன. கோழியைத் தாக்கும் நஞ்சு வேறு, மனிதக் குடலைத் தாக்குவது வேறு. இரண்டாவது நஞ்சு கிளாடின்-3, 4 ஆகியவற்றைப் பற்றிக்கொண்டு செல்சவ்வில் துளையிடுகிறது. இவை மிகுந்த மார்பகப் புற்றுச் செல்களை ஆய்வகத்தில் அந்த நஞ்சு அழித்தது. குடலிலும் வேறு உறுப்புகளிலும் இதே கிளாடின்கள் இருப்பதால் அதை அப்படியே உடலில் செலுத்த முடியாது. கிளாடினைக் குறிவைக்கும் மருந்து சாத்தியம் என்பதை இரைப்பைப் புற்றுநோய் காட்டிவிட்டது. கிளாடின்-18.2ஐப் பற்றும் சோல்பெடக்சிமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்துக்கு 2024இல் ஜப்பானும் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. அந்தக் கிளாடின் இயல்பான நிலையில் பெரும்பாலும் இரைப்பையில் மட்டுமே காணப்படுவது. மார்பகக் கட்டிகளில் மிகும் கிளாடின்-3, 4 பல உறுப்புகளில் பரவியிருப்பதுதான் இங்கே உள்ள சிக்கல்.