தேனி சாலையில் கான்சாகிப்: அன்றும் இன்றும்

நாகமலை புதுக்கோட்டையில் பஸ் ஏறிப் பெரியார் நிலையம் போகிறவர்களுக்குச் சம்மட்டிபுரம் என்றால் காளவாசல் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். இறங்க வேண்டியவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் நகர்வார்கள். அந்த நெரிசலில் கான்சாகிப் பள்ளிவாசலைத் திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு. கான்சாகிப் என்று அழைக்கப்பட்ட, மதுரையை ஆண்ட யூசுப் கான் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்.

அன்று அது மதுரைக் கோட்டைக்கு வெளியே எதிரிப் படை கூடாரமடித்திருந்த இடம். ராமநாதபுரம் சீமைப் பனையூரில் மருதநாயகமாகப் பிறந்த யூசுப் கான், கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்களுக்கெல்லாம் கமாண்டன்ட் ஆனார். 1758-59இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையை முற்றுகையிட்டபோது கம்பெனிக்காகப் போராடினார். மதுரையும் திருநெல்வேலியும் அவர் பொறுப்பில் வந்தன. நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவரை முறியடித்தவரும் அவர்தான். பிறகு ஆற்காடு நவாபோடு பகைத்து, 1763இல் கம்பெனிக்கு எதிராகவே வாளெடுத்தார். 1764 ஜூனில் கோட்டைமீது நடந்த பெருந்தாக்குதலைத் தடுத்து நின்றார். பீரங்கியால் ஆகாததைத் துரோகம் முடித்தது. தொழுகையில் இருந்தவரைச் சொந்த ஆட்களே பிடித்துக் கட்டி ஒப்படைத்தார்கள். அக்டோபர் 15 அன்று சம்மட்டிபுரத்தில் தூக்கிலிட்டார்கள்.

தலை திருச்சிக்கும் கைகள் பாளையங்கோட்டைக்கும் கால்கள் பெரியகுளத்துக்கும் போயின என்று வழிவழியாகச் சொல்வார்கள். பெரியகுளம் போகும் வழியில்தான் நாகமலை புதுக்கோட்டையும் இருக்கிறது. எஞ்சிய உடலைப் புதைத்த இடத்தில் 1808இல் சின்னச் சதுரப் பள்ளிவாசல் ஒன்று எழுந்தது.

யூசுப் கான் காலத்தில் அமெரிக்க எல்லைப்புறத்தில் பேரெடுத்த டேனியல் பூனின் உடலையும் நிம்மதியாக விடவில்லை. 1820இல் மிசூரியில் இறந்தவரின் எலும்புகளை 1845இல் தோண்டிக் கென்டக்கிக்குக் கொண்டுபோனார்கள். எடுத்தது அவருடையதுதானா என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. அங்கே உரிமை கொண்டாடுவதற்காக எலும்பைத் தோண்டினார்கள். இங்கே யூசுப் கானின் உடலை வைத்து யாரும் திரண்டுவிடக் கூடாது என்று கூறுபோட்டார்கள்.

இன்று சம்மட்டிபுரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. அவர் காத்த கோட்டையை 19ஆம் நூற்றாண்டில் இடித்து, அகழியைத் தூர்த்து, வீதிகளாக்கினார்கள். மேலவாசலில் ஒரு பகுதி மட்டும் மிச்சம். கான்சாமேட்டுத் தெருவிலும் கான்பாளையத்திலும் அவர் பெயர் அன்றாடம் புழங்குகிறது. 1997இல் எலிசபெத் மகாராணி முன்னிலையில் தொடங்கிய 'மருதநாயகம்' படம் இன்னும் முடியவில்லை.

பாளையக்காரர்களை ஒடுக்கியவர் என்று அவரை ஒதுக்குவோரும் உண்டு. வெள்ளையரை எதிர்த்தவர் என்று தலையில் வைத்துக் கொண்டாடுவோரும் உண்டு. இரண்டும் அவர்தான். நம் ஊர்ப் பிள்ளைகளைச் சமணர் மலைக்கு அழைத்துப்போகும் ஆசிரியர்கள் ஒருநாள் சம்மட்டிபுரத்துக்கும் அழைத்துப்போக வேண்டும். அங்கே அவர் தூக்கிலேறிய கதையைச் சொல்லும்போது, நெற்கட்டும்செவலில் அவர் செய்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முழுதாகச் சொல்வதுதான் அவருக்கும் பூலித்தேவருக்கும் நாம் செய்யும் மரியாதை.