சர்வருக்கு எப்போ சார் லீவு?

காலண்டர் வந்ததும் சிவப்புத் தேதிகளை எண்ணாத ஆபீஸ் ஆசாமி உண்டா? ஞாயிறன்று பண்டிகை விழுந்தால் வயிறு எரியாதா?

பி.காம். படித்த எனக்கு ஒரு வேடிக்கை தெரியும். அரசு விடுமுறை விடுவதே 1881-ம் வருஷத்துச் செலாவணி முறிச் சட்டப்படிதான். செக், உண்டியல் சமாசாரம் சார்!

2021-ல் தைப்பூசமும் தமிழக லிஸ்ட்டில் சேர்ந்தது. சந்தோஷம். அடுத்து எந்த நாள் என்று ஆளாளுக்குக் கேட்கிறோம்.

மே தினத்தைப் பாருங்கள். 1923-ல் இந்தியாவிலேயே முதன்முதலாகச் சென்னையில் சிங்காரவேலர் கொண்டாடியது. அன்றைக்கும் நமக்கு டிபன் பரிமாற ஓட்டல் சர்வர் வரணும். வந்தால் இரட்டைச் சம்பளம், இல்லை சம்பளத்தோடு மாற்று லீவு என்கிறது 1958-ம் வருஷத் தமிழகச் சட்டம். கொடுக்கிறாங்களா?

புது நாளைத் தாராளமாகச் சேர்க்கட்டும். பழைய நாள் முதலில் அவரிடம் போய்ச் சேரட்டும்!