பல்வலி நின்றால் நோய் நின்றதாகுமா?

பல்லுப் போனாற் சொல்லுப் போகும் என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. பல்லினால் உயிரும் போகக்கூடும் என்று கூறினால் நம்புவோர் சிலரே. காய்ச்சலென்றால் அன்றே வைத்தியரிடம் ஓடுகின்ற நாம், சூத்தைப் பல்லொன்று மாதக்கணக்கிற் குத்தினாலும் ஒரு கராம்பைக் கடித்து, உப்பு நீராற் கொப்பளித்து, இரண்டு பனடோலை விழுங்கிவிட்டு உறங்கப் போகின்றோம். நாலைந்து நாட்களில் வலி தானாகவே நின்றுவிடுகின்றது. "பல் வைத்தியரிடம் போகாமலே மாறிவிட்டது" என்று வீட்டிலுள்ளோரும் மகிழ்கின்றனர். அந்த மகிழ்ச்சியைக் குறித்தே இங்கு சிறிது கூற விரும்புகின்றோம். கடுமையாக வலித்த சூத்தைப் பல் சிகிச்சையின்றித் திடீரென அமைதியடையுமாயின், அது மகிழ்வதற்கன்று, அஞ்சுவதற்கே உரியது.

பல்லின் மேலுறையாகிய மிளிரி மனித உடலிலுள்ள பொருள்கள் யாவற்றினும் கடினமானது; எலும்பினும் வன்மை வாய்ந்தது. இத்தகைய பொருளைத் துளைப்பது ஒரு புழுவே என்று உலகின் பல பாகங்களிலும் மக்கள் நெடுங்காலம் நம்பினர். கண்டங்கத்தரி வித்தின் புகை பிடித்துப் 'பல்லுப் பூச்சி' எடுக்கும் வழக்கம் நம்மவரிடையேயும் இருந்ததை முதியோர் அறிவர். பிரெஞ்சு நாட்டுப் பல் வைத்தியர் பியர் ஃபொஷார் 1728 ஆம் ஆண்டு வெளியிட்ட பெருநூலிலே இப்புழுக் கொள்கையை மறுத்தார். உண்மைக் காரணத்தை விளக்கியவர் பெர்லின் நகரிற் பணியாற்றிய மில்லர் என்னும் அமெரிக்கர். வாயிலே தங்கும் இனிப்பையும் மாப்பொருளையும் பக்டீரியாக்கள் புளிக்கச் செய்து அமிலமாக்குகின்றன. அவ்வமிலமே பல்லைக் கரைக்கின்றது என்று அவர் 1890 இல் வெளிவந்த தமது நூலிற் காட்டினார். ஆகவே குழி தோண்டுவது பூச்சியன்று. நாம் உண்ட சீனியும் அதனை உண்ட கிருமியுமே.

குழி ஆழமாகி உள்ளே சென்றால், நரம்பும் குருதிக் கலங்களும் நிறைந்த மென்மையான பகுதி ஒன்று உண்டு. அதனைப் பற்கூழ் என்பர். கையிலோ காலிலோ புண் வந்தால் அவ்விடம் வீங்குவதற்கு இடமுண்டு. பல்லினுள்ளே வீங்குவதற்கு இடமேது? சுற்றிலும் கல்லையொத்த சுவர். ஆகையால் உள்ளே அமுக்கம் கூடுகின்றது. இரவிலே படுத்தவுடன் தலைப்பக்கம் குருதி பாய, வலி மேலும் மிகுகின்றது. இந்த அமுக்கமே இறுதியிற் குருதி ஓட்டத்தை நெரித்து, பற்கூழைக் கொன்றுவிடுகின்றது. நரம்பு இறந்தபின் வலியை அறிவிப்பார் யார்? தீ விபத்தை அறிவிக்க மணியடித்தவன் மாண்டான், மணியோசை நின்றது. தீயோ அணையவில்லை.

இறந்த பற்கூழிலே பெருகிய கிருமிகள் வேரின் நுனிவழியே தாடை எலும்பினுள் இறங்கிச் சீழ் கட்டத் தொடங்குகின்றன. சிலருக்கு முரசிலே ஒரு சிறு பரு தோன்றி உடையும். உப்புக் கரிக்கும் நீர் வரும். மறுபடியும் ஆறினாற்போல இருக்கும். இவ்வாறு மாதங்கள், சில வேளை ஆண்டுகள்கூட, ஓசையின்றிக் கழிவதுண்டு. என்றோ ஒருநாள் உடல் தளர்ந்திருக்கும் வேளையிலே அச்சீழ் வேறு வழி தேடுகின்றது.

அவ்வழி எத்துணைக் கொடியது என்பதை 2007 ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் நிகழ்ந்த ஒரு மரணம் உலகுக்குக் காட்டியது. டியமொன்டே டிரைவர் என்னும் பெயருடைய பன்னிரண்டு வயதுச் சிறுவன், அவ்வாண்டு ஜனவரி 11 ஆம் திகதி தலைவலியுடன் பாடசாலையிலிருந்து வீடு திரும்பினான். வறிய குடும்பம், தாய் அந்நாட்களில் அவனுடைய தம்பிக்கு ஒரு பல் வைத்தியரைத் தேடி அலைந்துகொண்டிருந்தாள். தம்பியின் வாயிலே ஆறு பற்கள் பழுதுற்றிருந்தன. மூத்தவனோ தன் பல்லைப் பற்றி முறையிட்டவனல்லன். வைத்தியசாலையிலே தலைவலிக்கும் பற்சீழுக்கும் மருந்து கொடுத்து அனுப்பினர். அடுத்த நாள் நிலைமை மோசமாயிற்று. பல்லிலிருந்து புறப்பட்ட கிருமிகள் அவனது மூளையை அடைந்திருந்தன. மூளையில் இருமுறை சத்திரசிகிச்சை நடைபெற்றது. சிறிது தேறினான், கணக்குகள் செய்தான், தாயுடன் சீட்டு விளையாடினான். பெப்ரவரி 25 ஆம் திகதி அவன் உயிர் பிரிந்தது. ஆறு வாரங்களுக்கு மேற்பட்ட அச்சிகிச்சையின் செலவு 250,000 டொலருக்கு மேலாகுமென மதிப்பிட்டனர். அந்தப் பல்லை உரிய காலத்திற் பிடுங்குவதற்கு 80 டொலர் போதுமாயிருந்தது.

அக்குடும்பத்துக்குரிய அரசாங்க மருத்துவக் காப்புறுதி அவ்வேளையிற் கைவிட்டுப் போயிருந்தது. அது இருந்த காலத்திலும் அதனை ஏற்கும் பல் வைத்தியர் எளிதிற் கிடைத்தாரல்லர். இச்செய்தி அந்நாட்டு மக்கள் மனத்தை உலுக்கியது. 2009 ஆம் ஆண்டு புதுப்பிக்கப்பெற்ற சிறுவர் மருத்துவக் காப்புறுதிச் சட்டத்திலே பற்சிகிச்சையும் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டது. அமெரிக்கா போன்ற செல்வ நாட்டிலே இவ்வாறு நிகழ்ந்ததே என்று நாம் வியக்கலாம். அரசாங்க வைத்தியசாலைகளிலே பல் பிடுங்குவதற்குக் கட்டணமில்லாத நம் நாட்டிலும், வீக்கம் கண்ணை மூடும்வரை காத்திருப்போர் உளர் என்பது அதனினும் வியப்புக்குரியது.

மேற்றாடைப் பற்களின் சீழ் கன்னத்துக்கும் கண்ணைச் சூழ்ந்த பகுதிக்கும் பரவக்கூடும். கீழ்த்தாடைக் கொடுப்புப் பற்களின் சீழ் நாக்கின் அடிப்பகுதிக்கும் கழுத்துக்கும் இறங்கும். பின்னையதை 1836 இல் விரித்துரைத்தவர் லுட்விக் என்னும் ஜெர்மானிய மருத்துவர். அந்நோய் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. நாக்கின் கீழே உள்ள தசை பலகைபோல் இறுகி, நாக்கை மேலும் பின்னுமாகத் தள்ள, மூச்சுப் பாதை அடைபடுகின்றது. அன்டிபயோட்டிக் மருந்துகள் வருமுன் இந்நோய்க்கு ஆளானோரிற் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தனர். இருதய வால்வுகளிற் பழுதுள்ளவர்களுக்கு வாய்க் கிருமிகள் குருதிவழிச் சென்று அவ்வால்வுகளிலே குடியேறும் ஆபத்தும் உண்டு. நீரிழிவு நோயாளரின் நிலையோ இரட்டைத் துன்பம்: சீனி கூடியவிடத்துப் பற்கிருமி எளிதிற் பரவும், கிருமி பரவியவிடத்துச் சீனி மேலும் கட்டுக்கடங்காது.

"மருந்துக் கடையில் நாலு குளிசை வாங்கிப் போட்டால் வீக்கம் வற்றிவிடுமே" என்பார்க்கு ஒரு சொல். மருந்து செல்வது குருதி வழியே. பற்கூழ் இறந்த பல்லினுள்ளே குருதி ஓட்டமில்லை; ஆகவே மருந்தும் அங்கு நுழைவதில்லை. வெளியே பரவிய கிருமி சற்று அடங்கும். உறைவிடம் அப்படியே இருக்கும். அப்பல்லைப் பிடுங்க வேண்டும். அல்லது வேரின் உட்குழாயைத் துப்புரவாக்கி அடைத்துக் காக்க வேண்டும். அஸ்பிரின் குளிசையைப் பொடித்து முரசிலே வைப்போரும் உளர். அது முரசைச் சுட்டுப் புண்ணாக்குவதன்றி வேறு பயன் தராது.

ஊசிக்கு அஞ்சிப் பின்போடுவோர் அறிய வேண்டியது இன்னொன்று. சீழ் பிடித்து அழன்ற இடத்தில் விறைப்பு ஊசி நன்றாக வேலை செய்வதில்லை. முன்னரே சென்றவன் நோவின்றித் திரும்ப, அஞ்சியிருந்தவனே அஞ்சிய நோவை அனுபவிக்கின்றான். மேற்பல்லைப் பிடுங்கினாற் கண்பார்வை குன்றும் என்ற பேச்சுக்கும் ஆதாரமில்லை. கண்ணுக்குரிய நரம்பு வேறு; பல்லுக்குரிய நரம்பு வேறு.

பெற்றோர் பெரிதும் ஏமாறுவது பிள்ளைகளின் பற்களிலேதான். "விழுந்து முளைக்கிற பல்தானே" என்று பாற்பல்லின் சூத்தையைப் பொருட்படுத்துவதில்லை. பாற்பல்லின் வேருக்குக் கீழேதான் நிலைப்பல்லின் முளை உருவாகின்றது. மேலேயுள்ள சீழ் அம்முளையைப் பழுதாக்கக்கூடும். மேலும், ஆறு வயதளவில் வாயின் பின்புறத்தே முளைக்கும் கொடுப்புப் பல், எந்தப் பாற்பல்லும் விழாமலே புதிதாக வருவது. எந்தப் பல்லும் விழவில்லையே என்று அதனையும் பாற்பல்லென எண்ணிவிடுகின்றனர். அதுவே நிலைப்பல், போனால் மீண்டும் முளையாது. வகுப்பறையில் ஒரு கன்னத்தைக் கையால் தாங்கியபடி இருக்கும் மாணவனைச் சோம்பேறியென்று கடிந்துகொள்ளுமுன் அவன் வாயைத் திறந்து பார்ப்பது நன்று. பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்கள் உள்ள இடங்களில், பெற்றோர் அனுமதித்தாற் சிறு சூத்தையை அங்கேயே அடைத்துவிடலாம்.

சாதாரணப் பல்வலிக்கு அடுத்த கிளினிக் நாள்வரை பொறுத்திருக்கலாம். முகமோ தாடையோ வீங்கினால் அன்றே வைத்தியரைக் காணல் வேண்டும். காய்ச்சலும் நடுக்கமும், வாயைத் திறக்க முடியாமை, எச்சிலையும் விழுங்க இயலாமை, குரல் மாறுதல், தாடையின் கீழே இறுகிய வீக்கம், கண்ணை மூடும் வீக்கம், மூச்சுத் திணறல், கடுந்தலைவலியுடன் மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் விடியும்வரை காத்திருத்தல் ஆகாது. பல் வைத்தியர் இரவில் இருப்பாரோ என்று ஐயுறாமல், பெரியாஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே நோயாளியைக் கொண்டுசெல்ல வேண்டும். எந்தப் பல் எப்போது வலித்து எப்போது நின்றது என்பதையும் அங்குள்ள வைத்தியரிடம் மறவாது கூறவேண்டும்.