குழாயைத் தாங்குவது எப்படி?

மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு கட்டடம். அதன் மொட்டை மாடியில் சூரிய வெப்பத்தால் நீரைச் சூடாக்கும் கருவி இருப்பதாகக் கொள்வோம். வெந்நீர் கீழே வருவது 25 மி.மீ. உள்விட்டமுள்ள பிளாஸ்டிக் குழாயில். அதைச் சுவரோடு இறுகக் கட்டிவிட்டால் போதுமா? போதாது. குழாய்த் தாங்கிக்கு இரண்டு வேலைகள் உண்டு: பாரத்தைச் சுமக்க வேண்டும், குழாய் நகரவும் இடந்தர வேண்டும்.

முதலில் பாரம். இக்குழாயின் ஒரு மீட்டர் நீளத்தில் உள்ள நீர் அரைக் கிலோ எடையிருக்கும். விட்டம் 100 மி.மீ. ஆனால், ஏறத்தாழ 8 கிலோ! இரு தாங்கிகளுக்கு இடையே குழாய் தொய்கிறது. இடைவெளி இரு மடங்கானால் தொய்வு 16 மடங்காகும். வெந்நீரில் பிளாஸ்டிக் இளகுவதால் அதற்கு ஒரு மீட்டருக்கு ஒரு தாங்கியாவது வேண்டும். தொய்ந்த பள்ளத்தில் வண்டல் தங்கும், மேட்டில் காற்று அடைத்து நீரோட்டம் தடைப்படும், இணைப்புகள் கசியும்.

அடுத்து நகர்வு. வெப்பம் 30° செ. உயர்ந்தால் 10 மீட்டர் இரும்புக் குழாய் 4 மி.மீ.க்கும் குறைவாகவே நீளும். பிளாஸ்டிக் குழாயோ ஏறத்தாழ 2 செ.மீ. நீளும். இரு முனைகளையும் இறுக்கினால் குழாய் வளையும். முழங்கை இணைப்பு விரிசல் விடும். எனவே ஓரிடத்தில் மட்டும் இறுக்கி, மற்ற இடங்களில் குழாய் வழுக்கிச் செல்லும் அளவு தளர்வான வளையங்களைப் பொருத்த வேண்டும்.

இதே சிக்கலைப் பெரிய அளவில் காண, தெற்கே கல்பாக்கம் செல்வோம். அங்கே 1985 அக்டோபரில் முதன்முதலாக இயங்கிய வேக ஈனுலைச் சோதனை உலையில் உருகிய சோடியமே வெப்பத்தைக் கடத்துகிறது. 98° செ.க்குக் கீழே சோடியம் உறைந்துவிடும். ஆகவே குழாய்கள் எப்போதும் சூடாக இருக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகுக் குழாய் 400° செ. சூடேறினால், 10 மீட்டருக்கு 7 செ.மீ. நீளும்! இத்தகைய குழாய்களைச் சுருள்வில் தொங்கிகள் தாங்குகின்றன. குழாய் ஏறி இறங்கினாலும் அவை பாரத்தை விடுவதில்லை. நிலநடுக்கத்துக்கென வேறொரு கருவியும் உண்டு. காரின் இருக்கைப் பட்டையைப்போல, அது மெல்லிய நகர்வுக்கு இடங்கொடுக்கும். திடீர் அதிர்ச்சியில் பூட்டிக்கொள்ளும்.

கடற்கரை வீடுகளுக்கு இன்னொரு பகை உப்புக் காற்று. சாதாரண இரும்புக் கிளாம்பு அதில் விரைவில் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் கிளாம்பு துருப்பிடிக்காது. ஆனால் வெயிலில் நாளடைவில் நொறுங்கும். ஒரே ஒரு கிளாம்பு அற்று விழுந்தால் என்ன ஆகும்? அவ்விடத்தில் இடைவெளி இரு மடங்காகிறது. தொய்வோ 16 மடங்கை நோக்கிப் போகிறது! ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன் கிளாம்புகளைப் பார்த்து, பழுதானவற்றை மாற்றிவிடுவது நல்லது. கிளாம்பின் விலை சொற்பம். கசிவால் ஊறிய சுவரைச் செப்பனிடும் செலவோ பெரிது.