இலத்திரன் ஓடுகள்: மனனம் செய்த எண்களுக்கு அப்பால்

முதல் 20 மூலகங்களின் இலத்திரன் நிலையமைப்பை எழுதுமாறு கேட்டால், க.பொ.த. சாதாரண தர வகுப்பில் பயிலும் எமது மாணவர்களிற் பலர் தயக்கமின்றி எழுதிவிடுகின்றனர். சோடியத்துக்கு 2, 8, 1 எனவும் பொற்றாசியத்துக்கு 2, 8, 8, 1 எனவும் எண்கள் வரிசையாக வந்து விழுகின்றன. ஆயினும், மூன்றாவது சக்தி மட்டம் 18 இலத்திரன்களைக் கொள்ளத்தக்கது என்று அதே பாடத்திற் கூறப்பட்டிருக்க, பொற்றாசியத்தின் 19 ஆவது இலத்திரன் அங்கு இடமிருந்தும் நான்காவது மட்டத்துக்குச் செல்வது ஏன் என வினவினால் பெரும்பாலும் மௌனமே பதிலாகக் கிடைக்கின்றது. இந்த மௌனத்துடன் உயர்தர வகுப்பினுள் நுழையும் மாணவன் இரசாயனவியலை விளங்க முடியாத பாடமெனக் கருதி ஒதுங்குவதில் வியப்பில்லை. தவறு மாணவனிடத்தில் இல்லை என்றே நாம் கருதுகின்றோம். அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பதை எவரும் அவனுக்குக் கூறவில்லை.

அணுவின் மத்தியில் நேரேற்றமுடைய கரு உள்ளதென்பதை 1911 ஆம் ஆண்டில் இரதபோட் வெளிப்படுத்தினார். மெல்லிய உலோகத் தகட்டின்மீது செலுத்தப்பட்ட அல்பா துணிக்கைகளிற் பெரும்பாலானவை தடையின்றி ஊடுருவிச் செல்ல, மிகச் சில மாத்திரம் வந்த வழியே திரும்பியமை அவரை அம்முடிவுக்கு இட்டுச் சென்றது. சோடியம் அணுவொன்றை 150 மீற்றர் குறுக்களவுடைய கிரிக்கெட் மைதானமாகக் கற்பனை செய்தால், அதன் கரு மைதானத்தின் நடுவே கிடக்கும் ஒரு கடுகுக்கு மேற்படாது. எஞ்சிய வெளி முழுவதும் 11 இலத்திரன்களுக்கு உரியது.

அவ்வெளியில் இலத்திரன்கள் எவ்வாறு அமைந்துள்ளன? அவை விரும்பிய சக்தியைப் பெற்றிருக்க முடியாது, குறித்த சில சக்தி மட்டங்களிலேயே இருக்க முடியும் என்று 1913 இல் நீல்ஸ் போர் எடுத்துரைத்தார். வாயு அடுப்பின் நீலச் சுவாலையில் உப்பு நீர் சிந்தும்போது அது சட்டென மஞ்சளாவதை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம். சோடியத்தின் வெளி இலத்திரன் வெப்பத்தினால் மேல் மட்டமொன்றுக்கு உயர்ந்து, மீண்டும் கீழிறங்கும்போது வெளிவிடும் ஒளியே அது. எத்தனை முறை சிந்தினாலும் அதே மஞ்சள்தான். அதன் அலைநீளம் ஏறத்தாழ 589 நனோமீற்றர். மட்டங்களுக்கிடையிலான இடைவெளி மாறாதிருப்பதனால் நிறமும் மாறுவதில்லை.

பாடநூல்களில் வரையப்படும் வட்டங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை கூற வேண்டியுள்ளது. கோள்கள் சூரியனைச் சுற்றுவதுபோல் இலத்திரன்கள் வட்டப் பாதையில் ஓடுவதில்லை. 1926 இல் சுரோடிங்கர் தமது சமன்பாட்டை வெளியிட்டதிலிருந்து, இலத்திரன் ஓரிடத்தில் இருப்பதற்கான நிகழ்தகவையே எம்மாற் கூற முடியும் என்பது தெளிவாகிவிட்டது. ஆகவே வட்டங்களைக் கணக்கு வைக்கும் குறியீடாகக் கொள்ளலாம்; அணுவின் படமாகக் கொள்ளலாகாது. அவற்றுக்கு ஏ, பீ, சீ என்றில்லாமல் கே, எல், எம் எனப் பெயர் வந்த கதை சுவையானது. எக்ஸ் கதிர்களை ஆராய்ந்த பார்க்லா, தாம் கண்டவற்றுக்கு முன்னரும் வேறு வரிசைகள் கண்டுபிடிக்கப்படலாம் என எண்ணி எழுத்துகளை மிச்சம் வைத்தார். அவ்வாறு எதுவும் கிடைக்கவில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இனி, 2, 8, 1 என்பது அளந்தறியப்பட்ட உண்மை என்பதற்கான சான்றுக்கு வருவோம். வாயு நிலையிலுள்ள அணுவொன்றிலிருந்து இலத்திரனை அகற்றத் தேவையான சக்தியே அயனாக்கற் சக்தி எனப்படுகின்றது. சோடியத்தின் முதலாவது இலத்திரனை அகற்ற மூலொன்றுக்கு 496 கிலோயூல் போதுமானது. இரண்டாவதை அகற்ற 4562 கிலோயூல் தேவை. அதாவது ஒன்பது மடங்குக்கும் அதிகம். அதன்பின் ஒன்பதாவது இலத்திரன்வரை சக்தி படிப்படியாக உயர்ந்து 28,932 கிலோயூலை அடைகின்றது. பத்தாவது இலத்திரனுக்கோ திடீரென 141,362 கிலோயூல் தேவைப்படுகின்றது. இரு பெரும் பாய்ச்சல்கள். அவற்றால் பிரிக்கப்பட்ட மூன்று கூட்டங்கள். வெளியே ஒன்று, நடுவே எட்டு, உள்ளே இரண்டு. பரிசோதனைக் கூட வசதியற்ற பாடசாலையிலும் இந்தப் பதினொரு எண்களைக் கரும்பலகையில் எழுதி, பாய்ச்சல் எங்கே நிகழ்கின்றது என மாணவர்களையே கண்டுபிடிக்கச் செய்யலாம். ஒரு பாடவேளை போதுமானது.

பொற்றாசியம் பற்றிய வினாவுக்கும் இதே அளவீடு வழிகாட்டுகின்றது. 18 இலத்திரன்களைக் கொண்ட ஆகனின் முதலாவது அயனாக்கற் சக்தி 1521 கிலோயூல். அடுத்ததாகிய பொற்றாசியத்தில் கருவின் ஏற்றம் ஒன்றால் அதிகரித்தும், அச்சக்தி 419 கிலோயூலாகச் சரிந்துவிடுகின்றது. இது சோடியத்தினதைவிடவும் குறைவானது. 19 ஆவது இலத்திரன் கருவிலிருந்து வெகு தொலைவில், தளர்வாகப் பிணைக்கப்பட்டுள்ளதென்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

காரணம் யாதெனில், சக்தி மட்டம் ஒவ்வொன்றும் உப சக்தி மட்டங்களாகப் பிரிந்துள்ளது. மூன்றாவது மட்டத்தின் 18 இடங்களில் எஸ் உப மட்டத்துக்கு 2, பீ உப மட்டத்துக்கு 6, டீ உப மட்டத்துக்கு 10 உரியன. ஆகனில் முதலிரண்டும் நிரம்பிவிட்டன. எஞ்சிய டீ உப மட்டத்து இலத்திரன் கருவை அண்மிக்க முடியாதவாறு உள் இலத்திரன்களால் மறைக்கப்படுகின்றது. நான்காவது மட்டத்தின் எஸ் உப மட்டத்து இலத்திரனோ அம்மறைப்பை ஊடுருவிச் சிறிதளவேனும் கருவருகே உலவுகின்றது. எனவே பொற்றாசியத்திலும் கல்சியத்திலும் அதன் சக்தியே குறைவாகவுள்ளது. 21 ஆவது மூலகமாகிய ஸ்கந்தியத்திலிருந்தே மூன்றாவது மட்டத்தின் டீ உப மட்டம் நிரம்பத் தொடங்குகின்றது. அணுவெண் 30 உடைய நாகத்தில் நிலையமைப்பு 2, 8, 18, 2 ஆகின்றது. சாதாரண தரத்தில் கற்ற எட்டும், உயர்தரத்தில் சந்திக்கும் பதினெட்டும் இவ்வாறு முரண்பாடின்றி இணைகின்றன.

சோடியம் எட்டை நிறைவு செய்ய இலத்திரனொன்றை "விரும்பி" வழங்குகின்றது என வகுப்பறைகளிற் கூறப்படுவதையும் நாம் ஏற்கவில்லை. அந்த இலத்திரனைப் பிரிக்க 496 கிலோயூல் செலவாகின்றது. அதனை ஏற்கும் குளோரீன் அணு திருப்பித் தருவதோ ஏறத்தாழ 349 கிலோயூல் மட்டுமே. கணக்கில் இழப்பே காணப்படுகின்றது. எதிரெதிர் ஏற்றமுடைய அயன்கள் ஒன்றையொன்று கவர்ந்து பளிங்காக அடுக்கப்படும்போது வெளிவிடப்படும் பெருஞ்சக்தியே அவ்விழப்பை ஈடுசெய்து மிகுதியையும் தருகின்றது. புத்தளத்திலும் அம்பாந்தோட்டையிலும் விளையும் உப்பின் உறுதிக்கு அணுக்களின் விருப்பத்தைக் காட்டிலும் இந்தக் கணக்கே காரணம்.

ஆசிரியர்கள் நாளையே வகுப்பிற் கொடுக்கத்தக்க பயிற்சியொன்று: பெயர் கூறப்படாத மூலகமொன்றின் அடுத்தடுத்த அயனாக்கற் சக்திகள் 738, 1451, 7733, 10,543 கிலோயூல். அது ஆவர்த்தன அட்டவணையின் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது, குளோரீனுடன் உருவாக்கும் சேர்வையில் எத்தனை குளோரீன் அணுக்களுடன் இணையும் என்பதை மாணவர்கள் நூலைப் புரட்டாமலே கூறட்டும்.